மாசாக்கியவரே செலுத்தவேண்டும்: இந்த வசனம் கொட்டியார்குடாவில் எவ்வளவு தூரம் செல்லும்?

1 | கொட்டியார்க்கரை

திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், கிண்ணியா, திருக்கடலூர், நிலாவெளிப் பக்கத்துக் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கென்று இரண்டு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்று தயாராகிறது. கப்பலால் கடல் மாசானால் எங்களுக்கு என்ன உரிமை, யாரிடம் போவது என்பதுதான் விடயம். வரைவின் முதல் வசனம் இப்படி இருக்கிறது:

“1972 இல் ஸ்டொக்ஹோமில் உலக நாடுகள் எல்லாம் ஏற்றுக்கொண்ட சட்டப்படி, கடலை மாசாக்கியவர் நட்டஈடு கொடுத்தே ஆகவேண்டும்.”

இது சரியா? சரியென்றால், சீனன்குடாவுக்கு வரும் எண்ணெய்க் கப்பல் ஒன்று உடைந்தால் கரைவலைச் சம்மாட்டி (வலைச் சொந்தக்காரர்) இதை வைத்து என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் வெட்டித் திருத்தித் தாருங்கள். அச்சுக்குப் போகமுன் சொன்னால் பெரிய உதவி.

2 | சொல்லெடை

தம்பி, நோக்கம் நல்லது. ஆனால் அந்த ஒரு வசனத்தில் மூன்று பிழை இருக்கிறது.

ஸ்டொக்ஹோமில் நிறைவேறியது பிரகடனம், சட்டமல்ல. 26 கோட்பாடுகள் கொண்டது. நாடுகள் கையொப்பமிட்டுப் பின்னுறுதி செய்யும் சமவாயம் வேறு, பிரகடனம் வேறு. அடுத்தது, “எல்லா நாடுகளும்” வரவில்லை. 113 நாடுகள் வந்தன. கிழக்கு ஜேர்மனியை அழைக்கும் பிரச்சினையில் சோவியத் ஒன்றியமும் அதன் அணியில் பெரும்பாலான நாடுகளும் போகவில்லை. மூன்றாவதுதான் முக்கியம். “மாசாக்கியவரே செலுத்தவேண்டும்” என்ற கோட்பாடு ஸ்டொக்ஹோம் பிரகடனத்தில் இல்லை. அதே 1972 இல் பணக்கார நாடுகளின் ஓஈசிடி அமைப்பு அதைப் பொருளாதார வழிகாட்டலாக வெளியிட்டது. நட்டஈடு அதன் நோக்கமல்ல. மாசுக் கட்டுப்பாட்டுக்குச் செலவழிக்கும் தொழிற்சாலைக்கு அரசு மானியம் கொடுத்தால் வர்த்தகப் போட்டி கெடும், ஆகவே செலவைத் தொழிற்சாலையே தாங்கட்டும் என்பதுதான் தொடக்கக் கருத்து.

ஸ்டொக்ஹோமில் உங்களுக்குப் பயன்படுவது 21 ஆம் கோட்பாடு. தன் வளத்தைப் பயன்படுத்த ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு, ஆனால் தன் ஆட்சிக்கோ கட்டுப்பாட்டுக்கோ உட்பட்ட செயல் மற்ற நாட்டின் சுற்றாடலுக்குச் சேதம் செய்யாமல் பார்க்கும் பொறுப்பும் உண்டு. இதன் வேர், கனடாவின் உருக்காலைப் புகை அமெரிக்க வயல்களைக் கெடுத்த ட்ரெயில் வழக்கு. அதன் இறுதித் தீர்ப்பு 1941 இல் வந்தது. 1996 இல் அணுவாயுதம் பற்றிய ஆலோசனைக் கருத்தில் சர்வதேச நீதிமன்றம் இந்தப் பொறுப்பை சர்வதேசச் சட்டத்தின் பகுதி என்றே சொல்லிவிட்டது. பிரகடனமாகப் பிறந்த வசனம் 24 வருடத்தில் வழக்காற்றுச் சட்டமாக முதிர்ந்துவிட்டது.

22 ஆம் கோட்பாடு நட்டஈட்டுச் சட்டத்தை “மேலும் வளர்க்க ஒத்துழைப்போம்” என்றது. 20 வருடம் கழித்து 1992 றியோ பிரகடனத்தின் 13 ஆம் கோட்பாடு, அதையே “இன்னும் விரைவாக, இன்னும் உறுதியாக” செய்வோம் என்று திருப்பிச் சொல்கிறது. இடையில் நடந்தது போதாது என்று நாடுகளே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

3 | உவர்மலை

அப்ப றியோவில எண்டாலும் மாசாக்கியவர் கட்டவேணும் எண்டு கிடக்குதுதானே? 16 ஆவது. அதைப் போடலாமே.

4 | சொல்லெடை

கிடக்குது. ஆனால் சொல்லுச் சொல்லாக வாசித்துப் பாருங்கள். “மாசாக்கியவர், கோட்பாட்டளவில், மாசின் செலவைத் தாங்கவேண்டும் என்ற அணுகுமுறையைக் கருத்திற்கொண்டு, தேசிய அதிகாரிகள் … ஊக்குவிக்க முயலவேண்டும், பொதுநலனைக் கவனித்தும் சர்வதேச வர்த்தகத்தையும் முதலீட்டையும் குலைக்காமலும்.”

“கோட்பாட்டளவில்”, “அணுகுமுறை”, “முயலவேண்டும்”, கடைசியில் வர்த்தக நிபந்தனை. ஒரே வசனத்தில் நான்கு தளர்ப்பு. அதோடு இந்த வசனம் மாசாக்கியவரைப் பார்த்துப் பேசவில்லை, அரசாங்கத்தைப் பார்த்துப் பேசுகிறது. கப்பல் முதலாளி முன் இதைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க 17 ஆம் கோட்பாட்டை எடுங்கள். பாரிய பாதிப்பு வரக்கூடிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு “செய்யப்படவேண்டும்” என்கிறது. அங்கே “முயல” இல்லை. பிந்திய காலத்தில் எது வலுப்பெற்றது என்று பார்த்தால் 17 தான் முன்னுக்கு வந்தது. 2010 இல் உருகுவே ஆற்றோரக் காகிதக்கூழ் ஆலை வழக்கில், எல்லை கடந்து பாதிப்பு வரக்கூடிய இடத்தில் இந்த மதிப்பீடு பொதுச் சர்வதேசச் சட்டத்தின் தேவை என்று சர்வதேச நீதிமன்றம் சொன்னது.

5 | அடைப்புக்குறி

சொல்லெடை அக்கா சொன்ன அந்தத் தளர்ப்புகள் எப்படி உள்ளே வருகின்றன என்று தெரிந்தால்தான் வசனத்தை எடைபோடலாம். பேச்சுவார்த்தை வரைவில் இணங்காத சொல் எல்லாம் சதுர அடைப்புக்குறிக்குள் நிற்கும். ஒரு நாடு “[வேண்டும்]” என்று போடும், இன்னொன்று “[விரும்பத்தக்கது]” என்று போடும். பெரும்பாலான சுற்றாடல் பேச்சுவார்த்தைகளில் முடிவு கருத்தொருமிப்பால்தான். வாக்கெடுப்பு கிடையாது. அதனால் கடைசி இரவில் அடைப்புக்குறியை அகற்ற ஒரே வழி, யாரும் எதிர்க்காத அளவுக்குச் சொல்லைத் தேய்ப்பது. 2022 மார்ச்சில் நைரோபியில் தொடங்கிவைத்த பிளாஸ்டிக் ஒப்பந்தப் பேச்சு பூசானிலும் முடியவில்லை, 2025 ஓகஸ்ட்டில் ஜெனீவாவிலும் முடியவில்லை. பிளாஸ்டிக் உற்பத்திக்கு எல்லை போடுவதா என்ற அடைப்புக்குறிதான் உடையவில்லை.

கிட்ட நின்று பார்க்கவேண்டிய உதாரணம் 1992 காலநிலைச் சமவாயத்தின் 3 ஆம் உறுப்புரை. அதன் தலைப்பு “கோட்பாடுகள்”. பொதுவான ஆனால் வேறுபட்ட பொறுப்பு, முழு நிரூபணம் வரும்வரை காத்திராமல் சேதத்தைத் தடுக்கும் முன்னெச்சரிக்கை எல்லாம் அங்கேதான். கோட்பாடு என்ற சொல் பின்னாளில் நீதிமன்றத்தில் தனிச் சட்டமாக நிற்கக்கூடும் என்று அமெரிக்கா அஞ்சியது. செய்தது என்ன தெரியுமா? 1 ஆம் உறுப்புரையின் தலைப்பில் ஓர் அடிக்குறிப்பு: தலைப்புகள் வாசகருக்கு உதவவே. அத்தோடு 3 இன் முகப்பு வசனத்தில் “ஏனையவற்றோடு” என்று ஒரு சொல். வழிகாட்டுபவை இவை மட்டுமல்ல என்று அதற்குப் பொருள். ஓர் அடிக்குறிப்பும் ஒரு சொல்லும் அந்த உறுப்புரையின் கூரை உயரத்தைக் குறைத்துவிட்டன.

பாரிஸ் காலநிலை உடன்படிக்கையிலும் அதே கதை. 2015 டிசம்பர் 12, இறுதி வரைவின் 4.4 இல் வளர்ந்த நாடுகள் தலைமைதாங்கி உமிழ்வைக் குறைத்தல் “வேண்டும்” என்று கட்டாயச் சொல் நின்றது. அப்படியே போனால் அமெரிக்க செனற் சபையின் அனுமதி தேவைப்படக்கூடும். செயலகம் எழுத்துப்பிழைத் திருத்தம் என்று வாசித்த பட்டியலில் அது தளர்ந்த சொல்லாக மாறியது. ஆங்கிலத்தில் “ஷல்” போய் “ஷுட்” வந்தது. உடன்படிக்கை தப்பியது, கடப்பாடு மெலிந்தது. இதைத் துரோகம் என்று சொல்லமாட்டேன். அமெரிக்கா வெளியே நின்ற கியோத்தோ காலநிலை நெறிமுறைக்கு, 1997 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 55 நாடுகளும் வளர்ந்த நாடுகளின் 55 சதவீத உமிழ்வும் சேரும்வரை 2005 பெப்ரவரி வரை காத்திருக்க நேர்ந்தது. ஆனால் பிரசுரம் எழுதுகிறவர்கள் எந்தச் சொல் எப்படி வந்தது என்று தெரிந்து எழுதவேண்டும்.

6 | உவர்மலை

இவ்வளவும் வாசிச்ச பிறகு ஒரே கேள்வி. கட்டுப்படுத்தாத வசனம், தேய்ச்ச சொல். இலங்கையில சர்வதேச ஒப்பந்தமே பாராளுமன்றச் சட்டம் இல்லாமல் உள்ளுக்க செல்லாது. பிரகடனம் எங்க செல்லும்?

7 | நீதிப்படி

நல்ல கேள்வி. நேரே செல்லாதுதான். ஆனால் பின்கதவு அல்ல, முன்கதவாலேயே வந்த வழி ஒன்று இருக்கிறது.

எப்பாவல பொஸ்பேற்று வழக்கு, 2000. அடிப்படை உரிமை மீறல் மனு. ஸ்டொக்ஹோம், றியோ கோட்பாடுகள் கண்டிப்பான கருத்தில் கட்டுப்படுத்தாதவை, மென்சட்டம் என்று எங்கள் உயர் நீதிமன்றம் முதலில் ஒப்புக்கொள்கிறது. பிறகு, நாட்டின் மேல்நிலை நீதிமன்றங்கள் தம் தீர்ப்புகளால் ஏற்றுக்கொண்டால் அவை உள்நாட்டுச் சட்டத்தின் பகுதியாகலாம் என்று சொல்லி, அப்படியே பாவிக்கிறது. முழுமையான ஆய்வும் தாக்க மதிப்பீடும் இல்லாமல் பொஸ்பேற்று அகழும் ஒப்பந்தம் போடக்கூடாது என்று தடுத்தது. சுன்னாகம் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் இதே உயர் நீதிமன்றம் மாசாக்கியவரே செலுத்தவேண்டும் என்ற கோட்பாட்டை வைத்து, மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா கொடுக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996 இலேயே இந்திய உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்பாட்டையும் முன்னெச்சரிக்கையையும் நாட்டின் சட்டம் என்று அறிவித்திருந்தது.

ஆகவே மனுவிலோ கடிதத்திலோ “றியோ 16 இன்படி” என்று தொடங்காதீர்கள். “சுன்னாகம் வழக்கில் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட, றியோ 16 இல் உள்ள கோட்பாடு” என்று தொடங்குங்கள். எடை வேறாக இருக்கும். இன்னொன்று, அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126(2) ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதம்தான் காலம். சங்கக் கூட்டம் வைத்து, தீர்மானம் போட்டு, சட்டத்தரணி தேடி முடிய மாதம் போய்விடும். பிரசுரத்தில் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

எங்கள் நாட்டவரான நீதியரசர் வீரமந்திரி 1997 இல் சர்வதேச நீதிமன்றத்தின் கப்சிகோவோ அணை வழக்கில் எழுதிய தனிக்கருத்தையும் வசதிப்பட்டால் வாசியுங்கள். நிலைபேறான அபிவிருத்தி மேற்கில் பிறந்த புதுக்கருத்தல்ல என்பதற்கு இலங்கையின் பழைய குளங்களைச் சான்றாக வைக்கிறார். கந்தளாய்க் குளத்தைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு அது அந்நியமான வாதமல்ல.

8 | சீனன்குடா

தொடக்கக் கேள்வி கப்பலைப் பற்றியது. அதற்குக் கோட்பாடு அல்ல, சமவாயம் வேண்டும். இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, கவனமாக வாசியுங்கள்.

1967 இல் டொறி கென்யன் என்ற கப்பல் இங்கிலாந்துக் கரையோரம் உடைந்து ஒரு லட்சம் தொன்னுக்கு மேற்பட்ட மசகு (கச்சா) எண்ணெயோடு போனது. அதன் விளைவு 1969 குடிசார் பொறுப்புச் சமவாயமும் 1971 நிதியச் சமவாயமும். இப்போது நடைமுறையில் இருப்பவை இவற்றின் 1992 வடிவங்கள். இலங்கை இரண்டிலும் உண்டு. குற்றம் நிரூபிக்கத் தேவையில்லை, போர் போன்ற சில விலக்குகள் தவிரக் கப்பல் உரிமையாளரே பொறுப்பு. 2,000 தொன்னுக்கு மேல் எண்ணெய் ஏற்றினால் காப்புறுதி கட்டாயம், காப்புறுதியாளர்மீதே நேரே கோரலாம். உரிமையாளரின் பணம் போதாவிட்டால் நிதியம் கொடுக்கும். இரண்டும் சேர்ந்து ஒரு சம்பவத்துக்கு உச்சம் 203 மில்லியன் எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கலகு).

ஆனால் இது “நிலைத்துநிற்கும் எண்ணெய்” கொட்டினால் மட்டும். மசகு எண்ணெய், உலை எண்ணெய், மசகிடு எண்ணெய் என்பன உள்ளே. பெற்றோல், மண்ணெண்ணெய், இலேசான டீசல் வெளியே. பாதிக்கு மேல் 340 பாகை செல்சியஸிலும் 95 சதவீதம் 370 பாகையிலும் வடிந்து ஆவியானால் அது நிலைத்துநிற்காத எண்ணெய். சீனன்குடாவில் இறக்கும் பெற்றோல் கப்பல் ஓட்டையானால், இறால் குஞ்சும் கண்டல் வேரும் நஞ்சேறினாலும், அந்தச் சரக்குக்கு இந்த நிதியம் ஒரு சதமும் தராது. அந்த இடைவெளியை அடைக்க 1996 இல் எழுதி 2010 இல் திருத்திய அபாயகரமான பொருட்களுக்கான சமவாயம், கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் எரிந்த 2021 இல் நடைமுறைக்கே வந்திருக்கவில்லை.

வந்திருந்தாலும் அந்தக் கப்பலின் பிளாஸ்டிக் மணிகளுக்கு உதவியிராது. பொதியிட்ட சரக்கென்றால் அபாயப் பொருள் பட்டியலில் இருக்கவேண்டும், 2 முதல் 5 மில்லிமீற்றர் மணி அந்தப் பட்டியலில் இல்லை. ஏறத்தாழ 1,680 தொன் மணி கரையெல்லாம் படிந்த பிறகு, 2024 இல் சர்வதேச கடல்சார் அமைப்பு எப்படிப் பொதியிடுவது, தளத்துக்குக் கீழே எங்கே அடுக்குவது என்று பரிந்துரை வெளியிட்டது. பரிந்துரைதான்.

அடுத்தது கிளிங்கர் (சீமெந்து மூலப்பொருள்), கோதுமை கொண்டுவரும் கப்பல். அதன் எரிபொருள் கசிந்தால் அது எண்ணெய்க்கப்பல் அல்லாதபடியால் 1992 சமவாயம் பொருந்தாது. அங்கே 2008 இன் 35 ஆம் இலக்கக் கடல் மாசுத் தடுப்புச் சட்டத்தின் குடிசார் பொறுப்பு ஏற்பாடுகளைத்தான் பிடிக்கவேண்டும்.

9 | நீதிப்படி

சீனன்குடா சொன்னதோடு ஒன்று. எக்ஸ்பிரஸ் பேர்ளில் சமவாயம் இல்லாத இடத்தைக் கோட்பாடு நிரப்பியது. 2025 ஜூலை 24 இல் உயர் நீதிமன்றம் மாசாக்கியவரே செலுத்தவேண்டும் என்ற அடிப்படையில் 100 கோடி அமெரிக்க டொலர் கொடுக்க உத்தரவிட்டது. அதற்கு முன் 2023 இல் லண்டன் நீதிமன்றம் உரிமையாளரின் பொறுப்பை 1 கோடியே 90 லட்சம் பவுண்ஸ் என்று மட்டுப்படுத்தியிருந்தது. ஒரே விபத்து, இரண்டு நீதிமன்றம், இரண்டு தொகை. பொறுப்பைக் கோட்பாடு தரும். தொகையை வெளிநாட்டில் வசூலிக்கும் இயந்திரத்தைச் சமவாயம்தான் தரும்.

10 | புறாத்தீவுப்பார்

கோரிக்கை தோற்பது பெரும்பாலும் சான்றில். பிரசுரத்தின் இரண்டாம் பக்கம் முழுக்க இதற்கே விடுங்கள்.

நிதியம் பவளப்பாருக்கு இவ்வளவு விலை என்று கணக்கு விட்டால் கொடுக்காது. மீளமைக்க உண்மையில் செய்த அல்லது செய்யப்போகும் நியாயமான வேலைக்கான செலவைத்தான் கொடுக்கும். ஆகவே புறாத்தீவுப் பார் சேதமானால் “விலைமதிப்பற்றது” என்று எழுதிப் பயனில்லை. எத்தனை சுழியோடிகள், எத்தனை நாள், என்ன வேலை என்று எழுதவேண்டும். மீனவரின் வருமான இழப்பு ஏற்கப்படும். எண்ணெய் வந்த இடத்துக்கும் தொழில் இடத்துக்கும் உள்ள தூரம், அந்தக் கடலில் எவ்வளவு தங்கியிருக்கிறார், வேறு வருமானம் உண்டா என்று பார்ப்பார்கள். முந்திய 3 வருடப் பிடிபாட்டுக் கணக்கு இருந்தால் நல்லது. சம்மாட்டியிடம் கொப்பி இருக்கும், ஆனால் பங்குக்கு இழுக்கும் ஆக்களிடம் ஒன்றும் இராது. பங்கு பிரித்த அன்றே சம்மாட்டியின் கொப்பியில் பெயரோடு கையொப்பம் வாங்கிவைத்தால் அவர்களும் கோரலாம். சேதம் ஏற்பட்ட நாளிலிருந்து 3 வருடம், சம்பவத்திலிருந்து 6 வருடம். அதற்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமை போய்விடும்.

எண்ணெய் மாதிரி எடுக்க யோகட் கோப்பையோ பிளாஸ்டிக் போத்தலோ வேண்டாம், பிளாஸ்டிக்கிலிருந்து கரைவது ஆய்வுகூடத்தில் எண்ணெயோடு சேர்ந்து தெரியும். அகலவாய்க் கண்ணாடிப் போத்தல், மூடிக்குக் கீழே அலுமினியத் தாள். மரக்குச்சியால் அள்ளுங்கள், இடத்துக்கு ஒரு குச்சி. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு போத்தல், எண்ணெய் படாத பக்கத்துக் கரையிலிருந்தும் ஒன்று. திகதி, நேரம், ஜிபிஎஸ் எண், எடுத்தவர் பெயர் எழுதி, மூடிமேல் நாடா ஒட்டி, நாடாவுக்குக் குறுக்கே கையொப்பம். 5 பாகைக்குக் கீழே, இருட்டில் வைக்கவேண்டும். ஐஸ் பெட்டி போதும், ஆனால் மீன் வைத்த பெட்டி கூடாது. போத்தல் கைமாறும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள். எந்தக் கப்பலின் எண்ணெய் என்று அதன் இரசாயன ரேகையை ஒப்பிட்டுச் சொல்லலாம், ஆனால் கைமாறிய வரிசை அறுந்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைத்தான் பிடிப்பார்.

வாடைக்காற்று மாதங்களில் கிழக்கே கொட்டியது கரைக்குத் தள்ளுப்பட்டு வரும். 2020 செப்டெம்பரில் நியூ டயமண்ட் 2,70,000 தொன் மசகு எண்ணெயோடு அம்பாறைக்கு வெளியே எரிந்தபோது சரக்குத் தாங்கிகள் தப்பின. அவை உடைந்திருந்தால் முழுக் கிழக்குக்கரைக்கும் பதில் சொல்ல இப்படியான ஒரு போத்தல்கூட முன்கூட்டி எடுத்திருக்கவில்லை என்பதுதான் கவலை. அதனால் சொல்கிறேன், கடல் சுத்தமாக இருக்கும்போதே கொட்டியாரில் நாலு இடத்தில் மாதிரி எடுத்து வையுங்கள்.

11 | அடைப்புக்குறி

விபத்துக்கு முந்திய பக்கத்தையும் மறக்கவேண்டாம். மக்கள் தகவல் பெறவும் பங்கெடுக்கவும் வழிசெய்யும் றியோ 10 உம், தாக்க மதிப்பீட்டின் 17 உம். எங்கள் தேசிய சுற்றாடல் சட்டத்தில் இது 1988 திருத்தத்தால் வந்தது. தாக்க மதிப்பீட்டு அறிக்கை 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும், வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகையிலும் அறிவித்தல் வரும். சிறு திட்டம் என்று சொல்லி ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனையாக இறக்கிவிட்டால் அந்த 30 நாள் கருத்துக்காலம் கிடையாது. எனவே முதலில் எழுப்பவேண்டிய ஆட்சேபம் வகைப்படுத்தலைப் பற்றியது.

கருத்து எழுதும்போது பக்க எண், அட்டவணை எண் போடுங்கள். கொட்டியாரில் மகாவலி விழுகிறது, மாரியில் நீரின் உப்பும் கலங்கலும் ஒன்று, கோடையில் வேறு. ஒரே பருவத்தில் எடுத்த நீர் மாதிரியை வைத்து வருடம் முழுக்கப் பாதிப்பில்லை என்று அறிக்கை சொன்னால் அந்த அட்டவணையைப் பிடியுங்கள். சம்பூர் 500 மெகாவாற் நிலக்கரித் திட்டம் மதிப்பீட்டு அனுமதி பெற்ற பிறகும் வழக்குக்குப் போய், 2016 செப்டெம்பரில் அரசு உயர் நீதிமன்றத்தில் கைவிடுவதாகச் சொன்னது. அனுமதி கிடைத்துவிட்டதென்று கதை முடிந்துவிடாது.

12 | கொட்டியார்க்கரை

எல்லாருக்கும் நன்றி. முதல் வசனத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்:

“கடலை மாசாக்கியவரே செலவைத் தாங்கவேண்டும் என்ற, 1992 றியோ பிரகடனத்தில் உள்ள கோட்பாட்டை இலங்கை உயர் நீதிமன்றம் சுன்னாகம், எக்ஸ்பிரஸ் பேர்ள் வழக்குகளில் ஏற்றுக்கொண்டுள்ளது. எண்ணெய்க் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டினால் 1992 நிதியத்திடம் நட்டஈடு கோரலாம்.”

13 | சொல்லெடை

முதல் பாதி நிற்கும். இரண்டாம் பாதியில் “எண்ணெய்” என்பதற்கு முன் “மசகு எண்ணெய், உலை எண்ணெய் போன்ற நிலைத்துநிற்கும்” என்று சேருங்கள். இல்லாவிட்டால் பெற்றோல் கொட்டிய அன்று சனம் நிதியத்துக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கும், அடிப்படை உரிமை மனுவுக்கான ஒரு மாதமும் அதற்குள் போய்விடும்.